பசறையில் ஒரு மதியச் சாப்பாட்டுக் கடை: 300 ரூபாய்ச் சோறும் அதற்குள் இருக்கும் 15 ரூபாயும்

பதுளை மாவட்டத்துப் பசறையில் மதியச் சாப்பாட்டுக்குக் கடைகள் இல்லாமல் இல்லை. ஆனாலும் இந்தப் பக்கத்துப் பாடசாலைகளுக்கு வரும் நாட்களில் நான் லுணுகலை வீதியில் கொஞ்சத் தூரம் நடந்து, பெயர்ப்பலகை இல்லாத ஒரு கடைக்குத்தான் போகிறேன். நீலச் சாயம் பூசிய பலகைக் கதவு, வாசலில் ஒரு கொய்யா மரம், உள்ளே ஆறு மேசை. ‘அக்கா கடை’ என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள் வழி சொல்வார்கள். அக்கா அடுப்படியில் நிற்பார், அவருடைய கணவர் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். இருவரும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர்கள்.

முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். சாப்பாடு நன்றாக இல்லாவிட்டால், மற்ற நல்ல குணங்களைச் சொல்லி யாரையும் ஒரு கடைக்கு அனுப்ப முடியாது. மரக்கறிச் சோறு 300 ரூபாய். மீன் என்றால் 400, கோழி என்றால் 450. நாட்டரிசிச் சோறு, பருப்பு, ஒரு குழம்பு, ஒரு சுண்டல், தேங்காய்ச் சம்பல், அப்பளம், கேட்டால் ரசம். பருப்புதான் இந்தக் கடையின் உயிர். மைசூர்ப் பருப்பைக் கூழாகக் கரைய விடாமல், ஒவ்வொரு பருப்பும் கண்ணுக்குத் தெரியும் பதத்தில் இறக்குகிறார். கெட்டித் தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றி, செத்தல் மிளகாயும் பூண்டும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுகிறார். சோற்றில் குழி பறித்து ஊற்றினால் அது ஓடாமல் நிற்கும். கோவாச் சுண்டலில் மஞ்சள் குறைவு, மிளகு கூடுதல். எனக்கு அது பிடிக்கும். தேங்காய்ச் சம்பலை அம்மியில் அரைக்கிறார்கள், அது வாயில் வைத்தவுடனே தெரியும். டித்வா புயலுக்குப் பிறகு வெலிமடைப் பக்கத்து மரக்கறி வராமல் விலை எங்கேயோ போன வாரங்களிலும் கறியின் எண்ணிக்கையை அக்கா குறைக்கவில்லை. போஞ்சியும் கரட்டும் கிடைக்காதபோது வாழைப்பூவும் பலாக்கொட்டையும் தட்டுக்கு வந்தன. பலாக்கொட்டைக் குழம்பை இப்போதும் இடையிடையே வைக்கச் சொல்லி நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

குறைகளும் உண்டு. ரசத்தில் பெரும்பாலும் உப்புக் கூடிவிடுகிறது. கை கழுவும் இடத்தில் வெளிச்சம் போதாது, மழை நாளில் தரை வழுக்கும். ஒரு மணிக்குப் பிறகு போனால் இடத்துக்காக நிற்க வேண்டும். பரிமாறுவதும் மெதுவாகத்தான் நடக்கும். அவசரமாகப் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் பார்சல் எடுத்துக்கொள்வதே நல்லது.

தட்டுகள் எவர்சில்வர். பல கடைகளில் செய்வதுபோல் தட்டின் மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, சாப்பிட்டு முடிந்ததும் சுருட்டி எறிவது இங்கே இல்லை. ஆகவே ஒவ்வொரு தட்டையும் யாராவது கழுவித்தான் ஆகவேண்டும். அந்த ஆள் யார் என்பதற்காகத்தான் இந்தக் கடையைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

நான் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளுக்குப் போய்வரும் ஆசிரிய ஆலோசகர். பதுளை, பசறை, மடுல்சீமை, நமுனுகுலை என்று வேலை ஓரிடத்தில் நிற்காது. அதனால் மதியச் சாப்பாடு எப்போதும் கடையில்தான். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டிக்குத்தான் போகும். அங்கே குனிந்து நிற்பவருக்கு என்ன வயது என்று பார்த்த பிறகுதான் உட்காருவேன். இந்தப் பழக்கம் முன்பே இருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்ட பிறகு அது எனக்குக் கடமையாகிவிட்டது.

அந்தப் புயலில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவு லயங்களையும் வீதிகளையும் தேயிலை மலைகளையும் கொண்டுபோனது. உயர்தரப் பரீட்சை பாதியில் நின்றது. பல பாடசாலைகள் முகாம்களாயின. பிள்ளைகள் தாங்கள் படித்த வகுப்பறையிலேயே பாய் விரித்துப் படுத்தார்கள். பாடசாலைகள் மறுபடி திறந்தபோது வரவு இடாப்பைப் புரட்டிப் பார்த்தேன். சிறிய வகுப்புகள் ஓரளவு நிறைந்திருந்தன. தரம் 8, 9, 10இல்தான் வெற்றிடம் தெரிந்தது. ஒவ்வொரு பெயராகக் காட்டி ‘எங்கே?’ என்று கேட்டேன். ‘கொழும்பில் சித்தி வீட்டில் இருக்கிறாள்’, ‘மாமாவோடு கடையில் நிற்கிறான்’, ‘கண்டிப் பக்கம் போய்விட்டார்கள்’ என்றார்கள். சில பதில்கள் உண்மை. சிலவற்றைச் சொல்லும்போது வகுப்புப் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பெற்றோரைக் குறைசொல்லி இதைக் கடந்துபோக எனக்கு மனம் வராது. புயல் வந்தபோது தோட்டத்தில் நாட்கூலி 1,350 ரூபாய். அதுவும் வேலைக்குப் போய்ப் பெயர் விழுந்தால்தான், அதாவது அன்றைய நாள் கணக்கில் பதிவானால்தான். மலை சரிந்துவிட்டால் கொழுந்து இல்லை, கொழுந்து இல்லாவிட்டால் பெயர் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த லயக் காம்பராவுக்கு உறுதிப்பத்திரம் பெரும்பாலானவர்கள் கையில் கிடையாது. வீடு போனது என்று சொல்வதற்கே காகிதம் தேட வேண்டும். அடகுவைக்க இருந்த ஒரு சோடித் தோடும் மண்ணுக்குள் போய்விட்டது. அந்த நேரத்தில் ஒருவர் வந்து, ‘பிள்ளையை என்னிடம் விடுங்கள். சாப்பாடு, உடுப்பு எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். இப்போதைக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள்’ என்று பணத்தை நீட்டுகிறார். அவர் முகாமுக்கு அரிசி மூட்டையோடு வந்தவராக இருப்பார், தூரத்து உறவாக இருப்பார், கோயில் திருவிழாவில் பக்கத்தில் நின்றவராக இருப்பார். கெட்டவர் என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு யாரும் வருவதில்லை.

இது மலையகத்துக்குப் புதிது இல்லை. 2014 அக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. காலையிலேயே பாடசாலைக்குப் போயிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள், திரும்பிப் போக வீடும் பெற்றோரும் இல்லாமல் நின்றார்கள். அதற்கும் முன்னால், சுனாமிக்குப் பிறகு 2005இல், நாடாளுமன்றம் தனிச் சட்டமே கொண்டுவந்தது. பெற்றோரை இழந்த பிள்ளையை இரக்கப்பட்டவர்கள் எல்லாம் கையைப் பிடித்து அழைத்துப் போய்விடக்கூடாது என்பதற்காக, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையை அந்தப் பிள்ளைகளின் பாதுகாவலராக்கினார்கள். பேரழிவு நடந்த கையோடு பிள்ளைகள் கைமாறிப் போவார்கள் என்பது இந்த நாட்டுக்கு இருபது வருடங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. 2021 ஜூலையில், மலையகத்திலிருந்து கொழும்புக்கு வீட்டுவேலைக்குப் போன 16 வயதுச் சிறுமி தீக்காயங்களோடு இறந்தபோது பல நகரங்களில் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். அந்தச் சிறுமியை அனுப்பியதும் வறுமைதான். அன்று ஊர்வலத்தில் பதாகை பிடித்தவர்களில் எத்தனை பேர் புயலுக்குப் பிறகு தங்கள் தெருக்கோடிக் கடையில் தேநீர் கொண்டுவந்து வைத்த பையனின் வயதைக் கேட்டார்கள் என்று அறிய விரும்புகிறேன்.

நான் கேட்ட ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பசறையில் இல்லை, இதே மாவட்டத்தில் வேறொரு நகரத்தில், கூட்டம் நிறைந்த ஒரு சாப்பாட்டுக் கடை. புயலுக்கு அடுத்த மாதங்களில் ஒரு நாள். தண்ணீர்க் கிளாஸ்களை வைத்துவிட்டுத் திரும்பிய கையைப் பார்த்தேன். விரலிடுக்குகளில் தோல் வெளுத்து ஊறிப் பிளந்திருந்தது. நகக்கண்கள் வீங்கிச் சிவந்திருந்தன. சவர்க்காரத் தூள் கரைத்த சுடுநீரில் காலையிலிருந்து இரவுவரை கிடக்கும் கைகள் அப்படித்தான் இருக்கும். வலது உள்ளங்கையில் எண்ணெய்ச் சட்டி சுட்ட தழும்பு, இன்னும் முழுதாக ஆறவில்லை.

“எந்தப் பாடசாலை, தம்பி?” என்றேன்.

“இப்போது போவதில்லை, டீச்சர்.”

நான் டீச்சர் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சேலையையும் பையையும் பார்த்து அவனே தெரிந்துகொண்டான்.

முதலாளி ஓடிவந்தார். மரியாதையாகத்தான் பேசினார். “பாவம் டீச்சர், வீடெல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது. அப்பா கேட்டுக்கொண்டதால் வைத்திருக்கிறேன். மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பிடுகிறான். மேலேயே படுக்கிறான். பதினேழு வயது” என்றார். பையனின் தகப்பனுக்கு 30,000 ரூபாய் முற்பணம் கொடுத்திருப்பதாகவும், அது கழியும்வரை சம்பளம் என்று ஒன்றும் இல்லை என்றும் அவரே சொன்னார். தான் செய்வது உதவி என்று அவர் உண்மையாகவே நம்பினார். அந்த நம்பிக்கைதான் எனக்கு அச்சமூட்டியது.

பஸ் நிலையத்தில் நின்றபடியே 1929க்கு அழைத்தேன். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை நடத்தும் இலவச எண் அது. இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும், தமிழிலும் பேசலாம். எடுத்தவர் நிதானமாகக் கேட்டார்: கடை எங்கே, அடையாளம் என்ன, பிள்ளைக்கு எத்தனை வயது இருக்கும், எந்த நேரத்தில் அங்கே இருப்பான், காயம் இருக்கிறதா, இரவில் எங்கே படுக்கிறான். என் பெயரைச் சொல்ல விருப்பமில்லாவிட்டால் சொல்ல வேண்டியதில்லை என்றும் சொன்னார். நான் சொன்னேன். பிறகு பிரதேச செயலகத்துச் சிறுவர் உத்தியோகத்தர் கடைக்குப் போனார். முதலாளி பதினேழு என்றே சாதித்தார். பிறப்புச் சான்றிதழ் எங்கே என்றால், மண்ணோடு போய்விட்டது. இங்கேதான் பாடசாலை கைகொடுத்தது. எந்தப் பாடசாலையிலும் சேர்விடாப்பு என்று ஒரு பெரிய புத்தகம் இருக்கும். முதலாம் தரத்தில் சேர்ந்த அன்றே பிறந்த தேதியோடு பெயர் அதில் ஏறிவிடும். அவன் பாடசாலை அதிபர் புயலன்று அலுமாரியின் மேல்தட்டில் வைத்துக் காப்பாற்றிய அந்தப் புத்தகத்தில் அவனுடைய வயது இருந்தது. பதின்மூன்று.

இலங்கையில் வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயது 16. முன்பு 14 ஆக இருந்ததை 2021இல்தான் உயர்த்தினார்கள். 16 வயதுவரை பாடசாலைக் கல்வியும் கட்டாயம். ஆபத்தான தொழில் என்று பட்டியலிடப்பட்டவற்றில் 18 வயதுவரை யாரையும் வைக்கக்கூடாது. கடனுக்கு ஈடாக ஒருவரை வேலையில் கட்டிவைப்பதைத் தண்டனைச் சட்டக்கோவை தனிக் குற்றமாகவே சொல்கிறது. ஆகவே தகப்பன் வாங்கிய 30,000 ரூபாயைப் பையனின் முதுகில் ஏற்றியது செல்லாது. அவன் இப்போது அத்தை வீட்டிலிருந்து பாடசாலைக்குப் போகிறான். விட்டுப்போன பாடங்களைப் பிடிக்க இன்னும் திணறுகிறான். கணிதத்தில் மிகவும் பின்தங்கியிருக்கிறான். கை ஆறிவிட்டது.

இந்த விஷயமாக அலைந்தபோது ஓர் அலுவலகத்தில் ஒருவர் என்னிடம், “வீட்டில் பட்டினி கிடப்பதைவிட இது நல்லதல்லவா, டீச்சர்?” என்று கேட்டார். படித்தவர்கள் வாயிலிருந்துகூட வரும் கேள்வி இது. பட்டினிக்கு மருந்து உலருணவும் பெரியவர்களுக்கு வேலையும். பதின்மூன்று வயதுப் பையன் சட்டி கழுவி அந்தக் குடும்பத்தில் ஒரு வாயைக் குறைக்கலாம். ஒரு ரூபாயைக்கூடக் கூட்டவில்லை. தகப்பனோ வேலை இல்லாமல் முகாமில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கடைக்கு உண்மையாகவே ஆள் வேண்டுமென்றால், இரண்டு கையும் நன்றாக இருக்கும் தகப்பனை ஏன் கூப்பிடவில்லை? பதில் எல்லோருக்கும் தெரியும். தகப்பனுக்குக் கூலி கொடுக்க வேண்டும்.

பசறைக் கடையில் நடந்தது இதற்கு நேர்மாறு. புயலுக்குப் பிறகு, மண்சரிவு அபாயத்தால் லயத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு பெண் தன் பதினான்கு வயது மகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்திருக்கிறார். பாத்திரம் கழுவவாவது மகளை வைத்துக்கொள்ளும்படி கேட்டிருக்கிறார். அப்போது தான் சொன்னதை அக்கா என்னிடம் சொன்னார். “பிள்ளை வேண்டாம், நீ வா என்றேன். என் அடுப்படியில் கொதிக்கிற எண்ணெய் இருக்கிறது, கொதிக்கிற தண்ணீர் இருக்கிறது. பிள்ளை கழுவினால் தட்டில் எண்ணெயும் போகாது. எனக்குக் கடை நடத்த வேண்டும் டீச்சர்.” அவ்வளவுதான். அவர் தன்னைப் பெரிய தியாகியாக எண்ணிக்கொள்ளவில்லை. வேலை தெரிந்த ஒரு முதலாளி வேலைக்குத் தகுந்த ஆளைக் கேட்டார்.

அந்தத் தாய் காலை எட்டரைக்கு வந்து மாலை மூன்றரைக்குப் போகிறார். நாளுக்கு 1,500 ரூபாயும் இரண்டு வேளைச் சாப்பாடும். கூலியை அன்றன்று மாலை கையில் கொடுத்துவிடுகிறார்கள். முற்பணம், கழிவு என்ற கணக்கே இல்லை. இதைக் கல்லாவில் இருப்பவரிடமும் கேட்டேன், அந்தப் பெண்ணிடம் தனியாகவும் கேட்டேன். இரண்டு பேரும் ஒரே தொகையைச் சொன்னார்கள்.

இந்த ஆள் கூலிக்காகச் சோற்றின் விலையை 280இலிருந்து 300 ஆக்கியிருக்கிறார்கள். சில வாடிக்கையாளர்கள் முணுமுணுக்கிறார்கள் என்று கணவர் சொன்னார். ‘அங்கே 250க்குப் போடுகிறார்களே’ என்கிறார்களாம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்தக் கடையில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய நூறு சாப்பாடு போகிறது. 1,500ஐ நூறால் வகுத்தால் 15. ஒரு பிள்ளையின் இடத்தில் வளர்ந்த ஒருவரை நிறுத்தி, அவருக்கு ஒழுங்கான கூலி கொடுப்பதற்கு ஒரு தட்டுச் சோற்றில் விழும் செலவு 15 ரூபாய். மிச்ச ஐந்து ரூபாய் தேங்காய் விலைக்கே போதாது. பிளேன்டீ 50 ரூபாய் விற்கும் காலத்தில் 15 ரூபாய்க்கு முகம் சுளிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. 250 ரூபாய்க்குச் சோறு போடும் எல்லாக் கடைகளும் பிள்ளைகளை வைத்திருக்கின்றன என்று நான் சொல்லவில்லை. குடும்பமே சேர்ந்து உழைத்து மலிவாகக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். மலிவு எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை பின்பக்கம் எட்டிப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அந்தப் பெண்ணின் மகளும், தரம் 4 படிக்கும் மகனும் பாடசாலை விட்டதும் கடைக்கு வந்துவிடுகிறார்கள். இருவருக்கும் சாப்பாடு இலவசம். ஜன்னலோரக் கடைசி மேசையை அந்த நேரத்தில் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை; தாய் வேலை முடித்து வரும்வரை அங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள். ஒரு நாள் கூட்டம் அதிகமாக இருந்தபோது, மகள் எழுந்து பக்கத்து மேசையில் கிடந்த இரண்டு எச்சில் தட்டுகளை எடுத்தாள். அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது: “வை அதை. நீ போய் உட்கார்.” அதட்டல்தான். பிள்ளை தட்டுகளை வைத்துவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பினாள். அன்று அவள் என்னிடம் ஒருபடிச் சமன்பாடு ஒன்றைக் காட்டி வழி கேட்டாள். இரண்டு பக்கமும் x இருந்ததால் குழம்பிப் போயிருந்தாள்.

அம்மாவுக்கு உதவுவது குற்றமா என்று சிலர் கேட்கலாம். பிள்ளை தன் தட்டைத் தான் கழுவட்டும், வீட்டில் விறகு எடுத்துக் கொடுக்கட்டும், தம்பியைப் பார்த்துக்கொள்ளட்டும். எந்த வீட்டில் இல்லை? பாடசாலை நேரத்தில் நிற்கிறானா, நெருப்பிலும் கொதிநீரிலும் நிற்கிறானா, வேண்டாம் என்று சொல்லி வீட்டுக்குப் போக முடியுமா, கூலி யார் கைக்குப் போகிறது என்று கேட்டால் எது உதவி, எது வேலை என்று தெரிந்துவிடும். அக்கா இந்தக் கோட்டைக் கொஞ்சம் கடுமையாகவே போட்டிருக்கிறார். கடையில் ஒரு தட்டைத் தொட விட்டால் நாளை பத்துத் தட்டாகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கடுமை எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொன்றும் இந்தக் கடையில் நடந்தது. வேன் ஒன்றில் வந்து சாப்பிட்ட ஒருவர், பணம் கொடுக்கும்போது, “கடைக்குப் பிள்ளைகள் வேண்டுமா? இரண்டு பேர் இருக்கிறார்கள், நல்ல சுறுசுறுப்பு” என்று கேட்டிருக்கிறார். சட்டை துணி விற்பதுபோல் கேட்டாராம். கணவர் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டு, வேனின் இலக்கத்தைக் கணக்குப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதி, அன்று மாலையே கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்தார். இப்போது கல்லா மேசையின் கண்ணாடிக்குக் கீழே 1929 என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய காகிதம் ஒன்று இருக்கிறது. பொலிஸின் சிறுவர், மகளிர் பணியகத்துக்கான 109ஐயும் சேர்த்து எழுதும்படி நான் சொன்னேன். அடுத்த முறை போனபோது எழுதியிருந்தார்.

2016ஆம் ஆண்டு நடந்த சிறுவர் செயற்பாட்டுக் கணிப்பு, நாடு முழுவதும் 43,714 பிள்ளைகள் சிறுவர் தொழிலில் இருப்பதாகவும், அவர்களில் 39,007 பேர் ஆபத்தான தொழிலில் இருப்பதாகவும் சொன்னது. அது பொருளாதார நெருக்கடிக்கும் இந்தப் புயலுக்கும் முந்தைய கணக்கு. எண்களைப் படித்துவிட்டு நாம் பெருமூச்சு விடுகிறோம். ஆனால் அந்தப் பிள்ளைகளில் பலர் நிற்பது கண்ணுக்கு எட்டாத சுரங்கத்தில் இல்லை. நாம் சோறு வாங்கும் கடையில், துணி எடுக்கும் கடையில், விருந்துக்குப் போகும் வீட்டின் குசினியில் நிற்கிறார்கள். சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், உங்களிடம் ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து விடும் தாயிடமோ தகப்பனிடமோ, அக்காவைப்போல், ‘பிள்ளை வேண்டாம், நீங்கள் வருகிறீர்களா?’ என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருக்கிறார்கள். தங்களுக்கு யாரும் வேலை தரமாட்டார்கள் என்று எண்ணித்தான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள்.

சாப்பாட்டுக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன். ரசத்தைச் சரிசெய்தால் இன்னும் அரைப் புள்ளி கூட்டலாம். கடையை நடத்தும் விதத்துக்கு ஐந்தும் கொடுப்பேன்.

கடை காலை ஏழு மணிக்குத் திறக்கும். பத்து மணிவரை தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும், பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை சோறு. வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும். அன்று பாயசம் உண்டு. போயா தினத்தில் பூட்டியிருக்கும். பத்துக்கு மேல் பார்சல் வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அக்காவுக்கு இப்போது காலை ஐந்தரைக்கு வந்து ரொட்டி தட்ட இன்னுமொருவர் தேவைப்படுகிறார். ஆணோ பெண்ணோ, பதினெட்டு வயது தாண்டியவராக இருக்க வேண்டும், கூலி அன்றன்று கையில். புயலில் வேலை இழந்தவர்கள் யாராவது பசறைப் பக்கம் இருந்தால் மூன்று மணிக்குப் பிறகு நேரில் போய்ப் பேசச் சொல்லுங்கள். அந்த நேரத்தில்தான் அவருக்குக் கை ஓயும்.